இறப்பைக் கேட்போரும் கேட்கப்படாதோரும்

ஒரு மனிதர் தம் உயிரைத் தாமே முடித்துக்கொள்ளும் உரிமை உடையவரா என்ற கேள்வி, தத்துவ நூல்களில் தனிமனித விருப்பத்துக்கும் பொதுக் கடமைக்கும் இடையிலான வழக்காகவே பெரும்பாலும் பேசப்பட்டு வந்துள்ளது. டேவிட் ஹியூம் எழுதி, அவர் இறந்த மறு ஆண்டான 1777இல் வெளிவந்த கட்டுரை அவ்வுரிமைக்காக வாதாடியது. இமானுவேல் கான்ட் 1785இல் வெளியிட்ட அறவியல் நூல், துன்பத்திலிருந்து தப்புவதற்குத் தன்னையே ஒரு கருவியாக்கிக்கொள்ளும் செயல் என்று கூறி அதனை மறுத்தது. முடிவில் எதிரெதிராக நிற்கும் இவ்விருவரும், தம் நிலையை முழுதும் அறிந்த, மாற்று வழிகளை எடைபோட்டுப் பார்க்கக்கூடிய, பிறர் நிர்ப்பந்தம் இல்லாத ஒரு மனிதரையே மனத்தில் வைத்து வாதிட்டனர். குணமாகாத நோயாளிகளின் வீடுகளுக்குச் சென்று மருத்துவம் பார்க்கும் தொழிலில் இருப்போர், அத்தகைய மனிதரை அரிதாகவே சந்திக்கின்றனர்.

நோயைக் குணப்படுத்த முடியாது என்று தெரிந்த பின்னரும் நோயாளிக்குச் செய்ய வேண்டிய மருத்துவம் நிறைய மீதமிருக்கிறது என்ற அடிப்படையில் எழுந்த துறை நோய்த்தணிப்பு மருத்துவம். மருத்துவமனை வழக்கில் அதனைப் ‘பேலியேட்டிவ் கேர்’ என்பர். செவிலியராகவும் மருத்துவமனைச் சமூகப் பணியாளராகவும் இருந்து, பின்னர் மருத்துவம் படித்த சிசிலி சாண்டர்ஸ், 1967இல் லண்டனில் திறந்த செயின்ட் கிறிஸ்டோஃபர் இல்லத்திலிருந்து இத்துறையின் இன்றைய வடிவம் தொடங்குகிறது. 1993இல் கோழிக்கோட்டில் மருத்துவர் எம்.ஆர். இராஜகோபாலும் அவருடைய தோழர்களும் தொடங்கிய வலி மருத்துவகம் அதனை இந்தியச் சூழலுக்கு ஏற்ப ஊர் மக்களின் பங்கேற்புடன் வளர்த்தெடுத்தது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்திலும் வீடு தேடிச் செல்லும் நோய்த்தணிப்புச் சிகிச்சை ஒரு பகுதியாக உள்ளது. இக்கட்டுரையாளர் தென் மாவட்டம் ஒன்றில் இத்தகைய இல்லச் சிகிச்சைக் குழுவில் மருத்துவராகப் பணிபுரிந்தவர். பின்வருவன அப்பணியில் திரண்ட அனுபவமும், அதிலிருந்து எட்டப்பட்ட முடிவுகளுமாகும். நோயாளிகளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்கள் தவிர்க்கப்பட்டுள்ளன.

இத்தொழிலுக்கு வருவோர் நான்கு செயல்களைப் பிரித்தறியக் கற்றாக வேண்டும். ஒருவர் தம் உயிரைத் தாமே போக்கிக்கொள்வது தற்கொலை. மருத்துவர் எழுதிக் கொடுத்த மருந்தை நோயாளி தாமே உட்கொண்டு இறப்பது மருத்துவர் உதவியுடனான இறப்பு. நோயாளியின் வேண்டுகோளை ஏற்று மருத்துவரே அவர் உயிரை முடிப்பது கருணைக்கொலை. செயற்கைச் சுவாசம், குழாய் வழி உணவு, டயாலிசிஸ் போன்றவற்றை வேண்டாம் என்று விலக்கி, நோய் தன் போக்கில் கொண்டுவரும் இறப்பை ஏற்றுக்கொள்வது சிகிச்சை மறுப்பு. இந்தியச் சட்டத்தில் இரண்டாவதும் மூன்றாவதும் குற்றங்கள். நான்காவது, உரிய நெறிமுறைகளுக்கு உட்பட்டு அனுமதிக்கப்பட்டது. ஆனால் நோயாளியின் கட்டிலருகே இந்நான்கும் ஒரே வாக்கியத்தில் கலந்து வருகின்றன. “ஒரு ஊசியப் போட்டு அனுப்பி வச்சிருங்க சார்” என்று கேட்பவர், வலியை நிறுத்துங்கள் என்று சொல்பவராக இருக்கலாம். இனி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாதீர்கள் என்று மன்றாடுபவராக இருக்கலாம். உண்மையிலேயே உயிரை முடிக்கச் சொல்பவராகவும் இருக்கலாம். எது என்று அறியும் வரை அவ்வேண்டுகோளை ஒரு முடிவாகக் கருதாமலும், வெறும் புலம்பலாகத் தள்ளிவிடாமலும் இருப்பதே இத்தொழிலின் முதல் பாடம்.

வேண்டுகோளின் அடியில் இருப்பவை

முதலில் நிற்பது வலி. வாய்ப்புற்று முற்றித் தாடை எலும்பை அரிக்கும்போதும், கருப்பைவாய்ப் புற்று இடுப்பு நரம்புகளை நெருக்கும்போதும், பாரசிட்டமாலும் டிக்ளோஃபெனாக்கும் எடுபடா. உலக சுகாதார நிறுவனம் 1986இல் வகுத்த படிநிலை முறைப்படி மார்ஃபின் தேவைப்படுகிறது. வாய்வழி மாத்திரையாகச் சிறு அளவில் தொடங்கி, நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறையும், நடுச்சாமத்தில் எழுப்ப வேண்டியிராதபடி படுக்கப் போகும்போது இரட்டை அளவும், உடன் தவறாமல் மலமிளக்கியும் கொடுக்கப்படும்போது, சில நாட்களில் உறக்கம் திரும்புகிறது. அப்படி உறங்கி எழுந்தவர்களுள் பலர் முந்தைய வாரம் தாங்கள் கேட்டதைப் பற்றிப் பிறகு வாய் திறப்பதில்லை; காபியில் சர்க்கரை போதவில்லை என்று மருமகளிடம் குறைசொல்லத் தொடங்குகிறார்கள்; குழுவினர் எதிர்பார்த்துக் காத்திருக்கும் அறிகுறியும் அதுதான்.

மத்தியப் பிரதேசம், இராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் அரசு உரிமத்துடன் அபினிச் செடி பயிராகும் நாடு இது. அந்த நாட்டிலேயே, 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் விதித்த பல அடுக்கு உரிமங்களும் கடும் தண்டனைகளும் மார்ஃபினை மருந்தகங்களிலிருந்து ஏறத்தாழ விரட்டிவிட்டன. 2014இல் செய்யப்பட்ட திருத்தம் ‘இன்றியமையாப் போதை மருந்துகள்’ என்றொரு பிரிவை உருவாக்கி, அங்கீகாரம் பெற்ற மருத்துவமனை ஒரே உரிமத்தில் அவற்றை வாங்கி வைக்க வழிசெய்தது. எனினும் இருப்பு வைக்காத மருத்துவமனைகள் ஏராளம். மாத்திரைக்காக ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு இரண்டு பேருந்து மாறி வரும் மகன்களைக் கட்டுரையாளர் அடிக்கடி கண்டதுண்டு. “மார்ஃபின் ஆரம்பிச்சா சீக்கிரம் போயிருவாராமே” என்ற அச்சம் உறவினரிடம் மட்டுமின்றி மருத்துவர்களிடமும் நிலவுகிறது. முறையாக அளவிட்டுக் கொடுக்கப்படும் மார்ஃபின் ஆயுளைக் குறைப்பதில்லை என்பதை ஒவ்வொரு வீட்டிலும் முதலிலிருந்து விளக்க வேண்டியிருக்கிறது.

அடுத்து வருவது, தத்துவ நூல் எதிலும் இடம்பெறாத துர்நாற்றம். மார்பிலோ கன்னத்திலோ உடைத்துக்கொண்டு வெளிவந்த புற்றுப் புண்ணின் வாடை, அந்த மனிதரை வீட்டின் கடைசி அறைக்கும் பிறகு மாட்டுக் கொட்டகைக்கும் தள்ளுகிறது. தட்டும் தம்ளரும் தனியாகின்றன, பேரப்பிள்ளைகள் வருவது நிற்கிறது. தீப்பெட்டி ஆலையில் வேலைபார்த்து வந்த ஒரு பெண்மணி, வலி அடங்கிய பின்னரும் இறப்பையே கேட்டுக்கொண்டிருந்தார். மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துப் புண்ணில் தூவி, நாள்தோறும் கட்டு மாற்றக் கற்றுக்கொடுத்ததில் ஒரு வாரத்தில் வாடை தணிந்தது; பேத்தி அருகில் வந்து உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதத் தொடங்கிய பிறகு அவர் அப்பேச்சை எடுக்கவில்லை. நோயின் போக்கு சிறிதும் மாறாமல் இருந்தபோதும் விருப்பம் மாறியது என்பதே இங்குக் கருதத்தக்கது.

மூன்றாவது, சுமை என்ற எண்ணம். நோயாளியைப் பார்த்துக்கொள்ள ஒருவர் வேலைக்குப் போகாமல் நின்றால் வீட்டின் வருமானம் பாதியாகிறது. திருப்பூரிலோ சென்னையிலோ வேலைபார்க்கும் மகன் மாதம் இருமுறை வந்து போனால் அங்கே வேலை ஆட்டம் காண்கிறது. “பிள்ளைகளுக்குப் பாரமா கெடக்கேன்” என்ற சொல் ஆண்களைவிடப் பெண்களின் வாயிலிருந்து மிகுதியாக வருவதையும், அதுவும் மகள் வீட்டில் தங்கியிருக்கும் தாய்மாரிடம் அது கூர்மையடைவதையும் இத்தொழிலில் இருப்போர் அறிவர். சுமை என்ற எண்ணத்தால் எழும் இறப்பு விருப்பத்தைத் தனிமனிதத் தேர்வு என்று அழைப்பது, குடும்பத்தின் வறுமையையும் அரசின் இன்மையையும் நோயாளியின் கணக்கில் எழுதுவதாகும்.

நான்காவது, மறைப்பு. வாசலிலேயே மருத்துவரை நிறுத்தி, “அவங்ககிட்ட என்ன நோய்னு மட்டும் சொல்லிராதீங்க டாக்டர், தாங்க மாட்டாங்க” என்று உறவினர் கேட்டுக்கொள்வது பெரும்பாலான வீடுகளில் நிகழ்கிறது. அன்பினால் செய்யப்படும் இம்மறைப்பு, நோயாளியை யாரிடமும் எதையும் கேட்க முடியாத இடத்தில் நிறுத்துகிறது. தமக்குப் புற்று என்று அவர் எப்போதோ ஊகித்திருப்பார், அதைத் தெரியாதவராகப் பிள்ளைகளுக்காக நடித்துக்கொண்டிருப்பார். தம் நோயின் பெயரைச் சொல்ல அனுமதிக்கப்படாத ஒருவர் தம் இறப்பைப் பற்றி மட்டும் சுதந்திரமாக முடிவெடுப்பார் என்று எதிர்பார்க்க இயலாது. ஆகவே உறவினரிடம் முதலில் கேட்கப்படும் கேள்வி, “நீங்கள் மறைப்பது அவருக்குத் தெரியாது என்று உறுதியாக நினைக்கிறீர்களா?” என்பதாகும், அதற்கு விடையாக வரும் மௌனத்திலிருந்துதான் உரையாடல் தொடங்குகிறது.

இறுதியாக, மனச்சோர்வு நோய். கனடாவின் வின்னிபெக் நகரில் ஹார்வி சோச்சினோவ் குழுவினர் நடத்தி 1995இல் வெளியிட்ட ஆய்வில், இறுதிநிலை நோயாளிகள் 200 பேருள் 8.5 விழுக்காட்டினரே இறக்க வேண்டும் என்ற அழுத்தமான, நீடித்த விருப்பம் கொண்டிருந்தனர், அவர்களுள் 58.8 விழுக்காட்டினரிடம் மனச்சோர்வு நோய் காணப்பட்டது, அவ்விருப்பம் இல்லாதோரிடம் அது 7.7 விழுக்காடாக இருந்தது. வாழும் விருப்பம் ஒரே நாளுக்குள்ளும் ஏறி இறங்குகிறது என்று அதே குழுவினர் 1999இல் காட்டினர். இறந்துபோகத்தானே போகிறார், சோர்வாக இருப்பது இயல்புதானே என்று கருதி மனச்சோர்வுக்கு மருந்து தராமல் விடுவது, இறுதிநிலை நோயாளிகளுக்கு இழைக்கப்படும் பொதுவான அநீதிகளுள் ஒன்று.

உடல் வலி, மன வலி, சமூக வலி, ஆன்ம வலி என்ற நான்கும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதைச் சிசிலி சாண்டர்ஸ் ‘முழுமை வலி’ என்று குறித்தார். இறப்புக்கான வேண்டுகோள் வரும்போது இந்நான்கனுள் எது பேசுகிறது என்று ஆராய்வதே நோய்த்தணிப்பு மருத்துவரின் அன்றாட வேலை.

உண்ணா நோன்பும் உண்ண இயலாமையும்

தமிழ் மரபில் இறப்பைத் தாமே தேர்ந்துகொண்டோர் பற்றிய நினைவு பழமையானது. மைந்தரோடு பகை மூண்டு மனம் நொந்த கோப்பெருஞ்சோழன் வடக்கு நோக்கி அமர்ந்து உண்ணாது உயிர்விட்டதையும், அவனைக் கண்டறியாத நண்பர் பிசிராந்தையார் பாண்டி நாட்டிலிருந்து வந்து உடன் அமர்ந்ததையும் புறநானூறு பதிவு செய்கிறது. செஞ்சிக்கு அருகிலுள்ள திருநாதர்குன்றில், 57 நாட்கள் உண்ணா நோன்பிருந்து உயிர்நீத்த சந்திரநந்தி என்ற சமண ஆசிரியரின் நினைவாக வெட்டப்பட்ட கல்வெட்டு இன்றும் இருக்கிறது. சல்லேகனை எனப்படும் இந்நோன்பைத் தற்கொலைக்கு ஒப்பாக்கி இராஜஸ்தான் உயர் நீதிமன்றம் 2015 ஆகஸ்டில் தீர்ப்பளித்தபோது, அதே மாத இறுதியில் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை நிறுத்திவைத்தது.

இம்மரபைச் சான்றாகக் காட்டித் தற்கொலை உரிமையைப் பேசுவோர் கவனிக்கத் தவறும் செய்தி ஒன்று உண்டு. வடக்கிருத்தல் ஊரறிய, நண்பர் சூழ, நாட்கணக்கில் நிகழ்ந்தது. எந்த நாளிலும் எழுந்து போகக்கூடியதாக இருந்தது. உடன் உயிர்விட வந்த பொத்தியாரை, மனைவிக்கு மகப்பேறு நிகழ்ந்த பின் வருமாறு சோழன் திருப்பி அனுப்பினான் என்பதிலிருந்து, இறக்கும் விருப்பத்தின் முன்னேயும் கடமை எடைபோடப்பட்டது புலனாகிறது. மறைவில், ஒரு மாலைப்பொழுதின் வெறுப்பில், யாரிடமும் சொல்லாமல் நிகழும் தற்கொலையோடு இதனை ஒரே தட்டில் வைக்க இயலாது.

நோய்த்தணிப்புத் தொழிலில் இம்மரபு வேறொரு வடிவில் எதிர்ப்படுகிறது. இறப்பு நெருங்கிய உடல் பசியையும் தாகத்தையும் தானே கைவிடுகிறது. உணவைச் செரித்துப் பயன்கொள்ளும் ஆற்றல் குறைய, வாயில் வைத்த கஞ்சி கடைவாயில் வழிகிறது. இதனை உறவினர் பட்டினி என்று கருதி, “ரெண்டு பாட்டில் குளுக்கோஸாவது ஏத்துங்க சார்” என்று நெருக்குகின்றனர். அப்படி ஏற்றப்படும் நீர் கால்களில் வீக்கமாகவும் நெஞ்சில் சளியாகவும் தேங்கி, இறுதி நாட்களின் மூச்சுத்திணறலை மிகுவிக்கக்கூடும். வாயை ஈரத் துணியால் நனைத்துக்கொண்டிருப்பதே போதும் என்று விளக்குவதற்கு ஒரு மணி நேரமும் பிடிக்கும். உண்ண முடியாமை நோயின் வேலை. வாயை இறுக மூடிக்கொண்டு தட்டைத் தள்ளிவிடும் மறுப்பு மனிதரின் பேச்சு. இரண்டையும் பிரித்தறிய, அவரோடு பல நாட்கள் பழகியிருக்க வேண்டும்; அவசரமாக வந்து போகும் மருத்துவருக்கு அது வசப்படாது.

குடும்பம் எடுக்கும் முடிவு

தனிமனித விருப்பம் பற்றிய விவாதத்தில், கேட்கப்படாமலே முடிக்கப்படும் உயிர்களுக்கு இடமே இருப்பதில்லை. முதியோரின் உயிரைக் குடும்பத்தாரே முடித்துவிடும் தலைக்கூத்தல் என்ற வழக்கம் விருதுநகர் உள்ளிட்ட தென் மாவட்டங்களில் இருந்ததை 2010ஆம் ஆண்டளவில் நாளிதழ்கள் வெளிக்கொணர்ந்தன. பிரியா கிருஷ்ணசுவாமி இயக்கித் தேசிய விருது பெற்ற ‘பாரம்’ திரைப்படம் அதனையே பொருளாகக் கொண்டது. அவ்வழக்கத்துக்குக் கருணை என்ற பெயர் சூட்டப்பட்டாலும், படுத்திருப்பவரின் ஒப்புதல் அதில் ஒரு நிபந்தனையாக இருந்ததில்லை. ஆகவே அது கொலை என்ற வகையினின்று விலகுவதில்லை.

நகர மருத்துவமனைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் நடப்பது அத்தகைய கொடுமை அன்று. எனினும் அங்கும் நோயாளியின் குரல் கேட்பதில்லை. பணம் தீர்ந்துபோகும் நாளில், மருத்துவ ஆலோசனைக்கு மாறாகத் தங்கள் பொறுப்பில் அழைத்துச் செல்வதாக உறவினர் ‘எழுதிக் கொடுத்துவிட்டு’ நோயாளியைக் கொண்டுபோகிறார்கள். ஆம்புலன்ஸில் கையால் அழுத்திக் காற்று செலுத்தப்பட்டு வரும் அவருடைய மூச்சுக்குழாய், வீட்டு வாசலில் அகற்றப்படுகிறது. வலி நிவாரணியோ மூச்சுத்திணறலுக்கான மருந்தோ கையில் இல்லாமல் நிகழும் அவ்விறப்புகள், மருத்துவமனைப் பதிவேட்டில் நோயாளி தாமாக வெளியேறியதாக இடம்பெறுகின்றன. சிகிச்சையை நிறுத்துவது அங்கு அறத்தின்படி சரியான முடிவாகவே இருந்திருக்கலாம்; அதனை மருத்துவர் பொறுப்பேற்றுச் செய்யாமல் குடும்பத்தின் ஏழ்மையிடம் ஒப்படைத்ததே பிழை.

சட்டம் திறந்த வழி

தற்கொலைக்கு முயன்று பிழைத்தவரைச் சிறைக்கு அனுப்பக்கூடிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவை, உச்ச நீதிமன்றம் 1994இல் பி. இரத்தினம் வழக்கில் செல்லாது என்றது. 1996இல் கியான் கௌர் வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு அதனை மாற்றி, வாழும் உரிமைக்குள் இறக்கும் உரிமை அடங்காது என்று தீர்ப்பளித்தது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது, அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் அளிப்பது அரசின் கடமை என்று வகுத்தது. இந்தியத் தண்டனைச் சட்டத்துக்கு மாற்றாக 2024 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அப்பழைய குற்றப் பிரிவு இடம்பெறவில்லை. அரசு ஊழியரைக் கட்டாயப்படுத்தும் நோக்கிலான முயற்சி மட்டும் குற்றமாக நீடிக்கிறது. தண்டனையிலிருந்து பராமரிப்புக்கு நகர்ந்த இம்மாற்றம், தற்கொலையை ஓர் உரிமையாக ஏற்கவில்லை. முயன்றவர் உதவி தேவைப்படுபவர் என்பதை ஏற்றது.

சிகிச்சை மறுப்பு வேறு பாதையில் வந்தது. மும்பையின் கே.இ.எம். மருத்துவமனைச் செவிலியர் அருணா ஷான்பாக், 1973 நவம்பரில் கொடுந்தாக்குதலுக்கு ஆளாகி மூளை சிதைந்து படுக்கையில் விழுந்தார். அவருக்காக எழுத்தாளர் பிங்கி விரானி தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றம் 2011 மார்ச் 7 அன்று அவரது உணவை நிறுத்த மறுத்தது. ஆனால் உயர் நீதிமன்ற ஒப்புதலுடன் சிகிச்சையை விலக்குவதற்குப் பொதுவான வழியைத் திறந்தது. அவரைப் பராமரித்து வந்த செவிலியர்கள் அம்மனுவை எதிர்த்தனர். அவர் 2015 மே 18 வரை அவர்கள் கையிலேயே வாழ்ந்தார். 2018 மார்ச் 9 அன்று காமன் காஸ் வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு, கண்ணியத்துடன் இறப்பது வாழும் உரிமையின் பகுதி என்றும், மனத்தெளிவுள்ள எவரும் தமக்கு எந்தச் சிகிச்சை வேண்டாம் என்பதை முன்கூட்டியே எழுதிவைக்கலாம் என்றும் அறிவித்தது. லிவிங் வில் என்று வழங்கும் அவ்வாவணத்தில் நீதித்துறை நடுவரின் கையொப்பம் தேவை என்றிருந்ததை 2023 ஜனவரி 24இல் நீதிமன்றமே தளர்த்தி, இரு சாட்சிகளோடு நோட்டரி அல்லது அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரியின் சான்று போதும் என்றாக்கியது. சிகிச்சையை விலக்கும் முன் இரண்டு மருத்துவக் குழுக்கள் அடுத்தடுத்து, கூடுமானவரை 48 மணி நேரத்துக்குள், தம் கருத்தைச் சொல்ல வேண்டும் என்றும் வகுத்தது.

தீர்ப்பு மாவட்டத்துக்கு வந்து சேர்வதற்கு நேரம் பிடிக்கிறது. இவ்வாவணத்தோடு சென்ற நோயாளியிடம், சொத்து விவரம் எங்கே என்று நோட்டரி ஒருவர் கேட்டதைக் கட்டுரையாளர் உடனிருந்து கண்டதுண்டு. இரண்டாவது மருத்துவக் குழுவுக்கு யாரை அழைப்பது என்று தெரியாத மருத்துவமனைகள், பழகிய வழியான எழுதி வாங்குவதற்கே திரும்பிவிடுகின்றன.

பிற நாடுகளின் அனுபவம்

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் 1997 முதல், ஆறு மாதங்களுக்குள் இறக்கக்கூடிய நோயாளிகளுக்கு மருத்துவர் உதவியுடனான இறப்பு சட்டப்படி கிடைக்கிறது. அங்கு ஆண்டுதோறும் வெளியாகும் அறிக்கைகளில், அதனை நாடுவோர் சொல்லும் காரணங்களுள் தன்னாட்சி இழப்பும், வாழ்வை இனிமையாக்கும் செயல்களில் ஈடுபட இயலாமையும், கண்ணிய இழப்பும் முன்னிற்கின்றன. வலி பின்தங்கி வருகிறது. மருந்துச் சீட்டைப் பெற்றவர்களுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் அம்மருந்தை உட்கொள்வதே இல்லை. நெதர்லாந்தும் பெல்ஜியமும் 2002இல் கருணைக்கொலைக்குச் சட்ட வடிவம் தந்தன. கனடா 2016இல் தொடங்கி, 2021இல் இறப்பு அண்மையில் இல்லாதவர்களுக்கும் அதனை விரித்தபோது, வீடும் உதவியாளும் கிடைக்காத மாற்றுத்திறனாளிகள் இறப்பை நோக்கித் தள்ளப்படுவார்கள் என்று அவர்களின் அமைப்புகளே எதிர்த்தன.

இவ்வனுபவத்தை இங்கு அப்படியே பெயர்த்து நட இயலாமைக்குக் காரணம் பண்பாட்டு வேறுபாடு என்று சொல்லிவிடுவது எளிது. உண்மையான காரணம் காரணங்களின் வரிசையில் இருக்கிறது. ஓரிகனில் வலி பின்தங்கியிருப்பது, அங்கு வலி நீக்கும் மருந்து எட்டும் தூரத்தில் இருப்பதால். இங்கு வலியும் செலவும் சுமையும் முன்னிற்கின்றன. தன்னாட்சியை இழந்ததாகச் சொல்வதற்கு அது முன்பு ஒருவரிடம் இருந்திருக்க வேண்டும்; தம் பெயரிலுள்ள வங்கிப் புத்தகத்தைத் தாமே பிரித்துப் பார்த்திராத ஒரு மூதாட்டியின் இறப்பு மட்டும் அவருடைய சொந்த முடிவாகிவிடும் என்று கருத இடமில்லை.

விருப்பம் மெய்யாகும் இடம்

அதனால் நோயாளியின் விருப்பத்தை மதிப்பதற்கில்லை என்ற முடிவுக்கு இத்தொழில் கொண்டுசெல்வதில்லை. சிறுநீரகம் செயலிழந்து வாரம் மும்முறை டயாலிசிஸ் செய்துவந்த ஒரு தேநீர்க் கடைக்காரர், இதயமும் தளர்ந்துபோன நிலையில், இனி வேண்டாம் என்றார். “அப்பா தற்கொலை பண்ணிக்கப் போறார், நீங்க தடுக்க மாட்டேங்கிறீங்களே” என்று மகன் மருத்துவரிடம் சீறினார். குழுவினர் வெவ்வேறு நாட்களில், உறவினர் அருகில் இல்லாதபோது அவரோடு பேசினர். சொல்லப்பட்டதை அவர் விளங்கிக்கொள்கிறாரா, நினைவில் வைத்திருக்கிறாரா, நன்மை தீமைகளை எடைபோடுகிறாரா, தம் முடிவைத் தெளிவாகச் சொல்கிறாரா என்ற நான்கும் சோதிக்கப்பட்டன. மனச்சோர்வு இல்லை, கடன் நெருக்கடி இல்லை, டயாலிசிஸ் நின்றால் சில நாட்களிலோ வாரங்களிலோ இறப்பு வரும் என்பதை அவர் தம் வாயாலேயே சொன்னார். முடிவு அவருடையது என்று குழு ஏற்றது. மூச்சுத்திணறலும் அரிப்பும் வாராமல் மருந்து தந்தது. அவர் தம் வீட்டில் இறந்தார். அவருடைய உயிரை எடுத்தது நோய். அவர் மறுத்தது, அந்நோயோடு நடத்திய போரின் கடைசிச் சுற்றை. சாவதற்காகச் செய்யும் செயலுக்கும், சாவைத் தள்ளிப்போடும் செயலை நிறுத்துவதற்கும் இடையிலான இவ்வேறுபாட்டை மகன் ஒப்புக்கொள்வதற்குப் பல உரையாடல்கள் தேவைப்பட்டன.

இதற்கு எதிர்முனையில், தென்னை மரத்திலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழ் செயலிழந்த ஓர் இளைஞர் முதல் மாதங்களில் படுக்கைப் புண்ணுக்குக் கட்டுப் போடவும் மறுத்தார், சாகவே விரும்பினார். அவரும் மனத்தெளிவுடன்தான் பேசினார். எனினும் குழு அதனை முடிவாக ஏற்கவில்லை. காரணம், சக்கர நாற்காலியில் வாழும் வாழ்க்கை எப்படி இருக்கும் என்பதை அவர் அதுவரை கண்டிருக்கவில்லை. அதே காயத்தோடு பல ஆண்டுகள் வாழ்ந்துவரும் ஒருவர் வாரந்தோறும் வந்து அவரோடு பேசினார். சிறுநீர்க் குழாயைத் தாமே போட்டுக்கொள்ளவும், கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறவும் கற்பித்தார். அவ்விளைஞர் பின்னர் ஊர்ச் சந்தியில் ஜெராக்ஸ் கடை வைத்தார். அறிந்து மறுப்பதும் அறியாமல் மறுப்பதும் ஒன்றாகா என்ற கொள்கை, இவ்விரு நிகழ்வுகளிலும் எதிரெதிரான முடிவுகளுக்குக் குழுவைக் கொண்டுசென்றது.

எல்லாம் செய்த பின்னரும், வலி இல்லாத நிலையிலும், தெளிந்த மனத்தோடு இறப்பைக் கேட்போர் சிலர் உண்டு. அவர்களிடம் சட்டத்தைக் காட்டி விலகுவதும், ஆறுதல் மொழி சொல்லி வாயடைப்பதும் தகா. இறுதி நாட்களில் அடங்காத துன்பம் இருக்குமானால், ஒப்புதல் பெற்று மயக்க மருந்தால் உணர்வைத் தணித்து வைக்கலாம். இறப்பை விரைவுபடுத்துவது அதன் நோக்கமன்று. அதற்கு மேல் அவர்கள் கேட்பதைத் தர இத்தொழிலுக்கு அதிகாரம் இல்லை. அந்த மறுப்பை அவர்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு, மறு வாரமும் தவறாமல் போய் அமர்வதே அதன் கடமை.

இறக்கும் உரிமை வேண்டுமா வேண்டாமா என்று இந்நாட்டில் எழும் விவாதம், விடைக்கு முன் கேட்கப்பட வேண்டிய கேள்விகளைத் தாண்டிச் சென்றுவிடுகிறது. வலிக்கு மருந்து கிடைக்காத, நோயின் பெயர் சொல்லப்படாத, பார்த்துக்கொள்ள ஆளும் காசும் இல்லாத இடத்தில் வைக்கப்படும் இறப்பு வேண்டுகோளைத் தேர்வு என்று அழைக்க முடியாது. அக்குறைகள் நீங்கிய பின்னும் ஒருவர் சிகிச்சையை மறுத்தால் அம்மறுப்பைத் தடுக்கவும் யாருக்கும் உரிமை இல்லை. நோயினாலோ வேறு துயரினாலோ உயிரை முடித்துக்கொள்ளும் எண்ணம் எழுவோர், 14416 என்ற டெலி மானஸ் எண்ணிலோ தமிழ்நாட்டின் 104 சேவையிலோ எந்நேரமும் பேசலாம். நலமாக இருப்போர், தம் இறுதிக் காலச் சிகிச்சை குறித்த விருப்பத்தை வீட்டாரிடம் இன்றே சொல்லி, எழுதியும் வைக்கலாம். இவ்விவாதத்தில் கருத்துச் சொல்ல விரும்பும் ஒவ்வொருவரும் தம் மாவட்டத் தலைமை மருத்துவமனைக்குச் சென்று, அங்கே வாய்வழி மார்ஃபின் இருப்பில் உள்ளதா என்று முதலில் கேட்டுப் பார்க்க வேண்டும். இல்லை என்ற விடை வந்தால், அதற்காக மனுக் கொடுப்பதிலிருந்து தம் வாதத்தைத் தொடங்க வேண்டும்.